ஆப்ரிகாட் மரம் குளிரைத் தாண்டிவிட்டது, பழத்தை மட்டும் காணோமா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

குளிர் தாங்கும் ஆப்ரிகாட் என்று சீட்டுக் கட்டிய கன்றை வாங்கி நட்டவர்களில் பலர், நான்காவது ஐந்தாவது வசந்தத்தில் ஒரே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். மைனஸ் 35 டிகிரியைத் தாங்கும் என்றார்களே, மரமும் கிண்ணென்று நிற்கிறதே, பிறகு ஏன் ஒரு பழம்கூட இல்லை? சீட்டில் எழுதியிருந்தது பொய்யில்லை. அந்தக் கணக்கு உறக்கத்தில் இருக்கும் கட்டைக்கும் கிளைக்கும் உரியது. பூவைப் பற்றி அந்தச் சீட்டு வாய் திறக்கவே இல்லை.

இந்த வகைகளின் பூர்வீகத்தைப் பார்த்தால் காரணம் புரியும். கடுங்குளிருக்கென்று உருவாக்கப்பட்ட ஆப்ரிகாட்டுகளில் பலவற்றில் மஞ்சூரியா, சைபீரியா பக்கத்துக் காட்டு ஆப்ரிகாட்டின் வழி கலந்திருக்கிறது. கனடாவின் மார்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஸ்கவுட், வெஸ்ட்காட் போன்ற வகைகள் இந்தக் கூட்டத்தில் பெயர் பெற்றவை. அந்தக் காட்டு மரங்கள் வளர்ந்த மண்ணில் குளிர்காலம் இடையில் இளகுவதில்லை. முடியும்போது ஒரேயடியாக முடிந்துவிடும். அங்கே இதமான வெயில் அடித்தால் வசந்தம் வந்துவிட்டது என்றே பொருள். அதனால் இந்த மரம் தனக்கு வேண்டிய குளிர் கிடைத்ததும் சீக்கிரமே உறக்கத்தை முடித்துக்கொண்டு, முதல் வெதுவெதுப்பான வாரத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. நடுக்குளிரில் நான்கு நாள் வெயில் காய்ந்துவிட்டு மறுபடியும் உறைந்துபோகும் தோட்டத்தில் இந்த நல்ல குணமே அதற்கு எமனாகிறது.

ஆகவே இந்த மரத்தில் எந்தக் கோளாறைக் கண்டாலும், இது என்ன நோய் என்று கேட்பதற்கு முன்னால், இது எப்போது நடந்தது என்று கேட்டுப் பழகுங்கள். கோடையில் கண்ணுக்குத் தெரியும் சேதத்தில் பாதி, முந்தைய குளிரிலோ அதற்கும் முந்தைய கோடையிலோ நடந்து முடிந்தது. இதற்கு மூன்று பொருள்கள் போதும்: இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையைப் பதிந்து வைக்கும் வெப்பமானி, ஒரு புதிய சவர பிளேடு, தேதி போட்டு எழுத ஒரு நோட்டு. மருந்துக் குப்பிகளை நான் கடைசியில்தான் எடுப்பேன்.

மரம் கொள்ளாமல் பூத்தது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை

வரும் புகார்களில் முக்கால்வாசி இதுதான். சந்தேகப்பட வேண்டியவர்கள் மூன்று பேர்: உறைபனி, ஒத்துவராத மகரந்தம், வராத தேனீ. யார் என்று கண்டுபிடிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் மருத்துவம் பார்ப்பது வீண் வேலை.

பனி விழுந்த இரவுக்கு மறுநாள், வெயில் ஏறிச் சில மணி நேரம் கழிந்த பிறகு மரத்தடிக்குப் போங்கள். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது; செத்த திசு நிறம் மாற நேரம் வேண்டும். தாழ்ந்த கிளை, நடுக்கிளை, உச்சி என்று வேறுவேறு உயரத்திலிருந்து இருபது பூக்களைப் பறியுங்கள். ஒரு பூவைக் காம்போடு விரல்களுக்கிடையே பிடித்து, பிளேடால் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளக்க வேண்டும். சிவந்த கிண்ணம் போன்ற அடிப்பகுதிக்குள், நடுவில் நிற்கும் சூல்தண்டின் காலடியில், எள்ளைவிடச் சற்றுப் பெரிய ஒரு பொட்டு தெரியும். அதுதான் பிஞ்சு. வெளிர்பச்சையாக ஈரத்தோடு பளபளத்தால் உயிர் இருக்கிறது. காப்பிப்பொடி நிறத்திலோ கறுப்பாகவோ சுருங்கிக் கிடந்தால் கதை முடிந்தது. இதில் ஏமாற்றம் தருவது என்னவென்றால், இதழ்கள் அப்போதும் வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும். தேனீயும் வந்து போகும். நீங்களும் ரசித்துப் படம் எடுப்பீர்கள். உள்ளே ஒன்றும் இருக்காது.

எந்த நிலையில் எவ்வளவு குளிர் ஆகாது என்பதற்குப் பழத்தோட்டக்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு. மொட்டு வீங்கத் தொடங்கிய நிலையில் மைனஸ் 9.4 டிகிரி செல்சியஸ் அரைமணி நேரம் நீடித்தால் பத்தில் ஒன்று சாகும். பத்தில் ஒன்பது சாக மைனஸ் 18 வரை இறங்க வேண்டும். முழுதாகப் பூத்த நிலையில் இந்த இரண்டு எல்லைகளும் மைனஸ் 2.8, மைனஸ் 5.6 என்று ஏறிவிடுகின்றன. பச்சைப் பிஞ்சு தலைகாட்டியதும் மைனஸ் 2.2-இலேயே சேதம் தொடங்கி, மைனஸ் 3.9-இல் ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது. மொட்டு விரிய விரியத் தாங்கும் சக்தி குறைகிறது என்பதோடு, கடைசிக் கட்டத்தில் சிறு சேதத்துக்கும் பெருநாசத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு டிகிரிகூட இல்லை என்பதையும் கவனியுங்கள். அந்த இரண்டு டிகிரியைத்தான் நாம் போர்வையால் காப்பாற்றப் பார்க்கிறோம். இருபது பூவில் பத்து பிழைத்திருந்தால் கலங்க வேண்டாம். நெருக்கமாகப் பூத்த மரத்தில் பாதி போனாலும் விளைச்சல் போய்விடாது. பின்னால் நெருக்கமான பிஞ்சுகளைக் கிள்ளிக் கலைக்கும் வேலை மிச்சம்.

போர்வை போடுவதிலும் தவறு நடக்கிறது. காற்றில்லாத தெளிந்த இரவில் மண் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அந்த வெப்பத்தை மரத்தைச் சுற்றித் தேக்கி வைப்பதுதான் போர்வையின் வேலை. எனவே துணி தரையைத் தொட வேண்டும். மரத்தின் தலையை மட்டும் சுற்றித் தண்டில் கயிற்றால் கட்டிவிட்டால், கீழிருந்து வரும் வெப்பத்துக்கு நீங்களே கதவைச் சாத்திவிட்டீர்கள். நான் முதல் தடவை செய்தது அதுதான். மறுநாள் பிளேடு உண்மையைச் சொன்னது. சூரியன் மறைவதற்கு முன்பே போர்த்தி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் தாள் பூவைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். பழைய பருத்தி விரிப்போ, காய்கறிப் பாத்திக்கு விரிக்கும் மெல்லிய வெள்ளைத் துணியோ நல்லது. பூக்கும் நாட்களில் மரத்தடி மூடாக்கை ஒதுக்கி, களை நீக்கி, மண்ணை ஈரமாக வைத்திருங்கள். வெறும் ஈரமண் பகலில் அதிக வெப்பத்தைச் சேமிக்கும்.

தண்ணீர் தெளித்துக் காப்பாற்றுவதாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தண்ணீர் உறையும்போது வெப்பம் வெளியாகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒருமுறை தொடங்கிவிட்டால் பனிக்கட்டி இளகத் தொடங்கும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றால் ஒன்றும் செய்யாமல் இருந்ததைவிட மோசம். கட்டியின் எடையில் கிளை முறியும், வேரடியில் தண்ணீர் தேங்கும். வீட்டு மரத்துக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து.

பூப்பதையே தள்ளிப்போட முடியுமா? கொஞ்சம் முடியும். வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும் சுவரோரமாக நட்ட மரம் முதலில் விழித்துக்கொள்ளும். சுவரோடு விசிறியாகப் படரவிட்டு, இரவுதோறும் திரை இறக்கத் தயாராக இருப்பவர்களுக்குச் சுவர் வரம். மற்றவர்கள் குளிர்ந்த சரிவில், சூரியன் தாமதமாக எட்டும் இடத்தில் நடுவது மேல். பள்ளத்தில் மட்டும் நட வேண்டாம். குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலத் தாழ்ந்த இடம் தேடி இறங்கும், வேலியோ சுவரோ மறித்தால் அங்கேயே குளமாக நிற்கும். வேரடியில் கனமாக மூடாக்குப் போட்டால் பூ தாமதமாகும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. மொட்டு கேட்பது காற்றின் வெப்பத்தை. வேரடியைக் குளிர வைத்து மேலே இருக்கும் மொட்டை ஏமாற்ற முடியாது.

பிளந்து பார்த்த பூவெல்லாம் பச்சையாக இருந்து, ஆனாலும் காய் பிடிக்கவில்லை என்றால் அடுத்த சந்தேகம் மகரந்தம். கோல்ட்காட் போன்றவை தன் மகரந்தத்திலேயே காய்க்கும். மினசோட்டா பல்கலைக்கழகம் வெளியிட்ட மூன்கோல்ட், சன்கோல்ட் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்றை மட்டும் நட்டால் பூவோடு சரி. மஞ்சூரியன் விதையிலிருந்து வளர்ந்த கன்றுகளும் பெரும்பாலும் துணை கேட்பவையே. பக்கத்தில் பீச் இருக்கிறது, பிளம் இருக்கிறது, போதும் என்று நம்ப வேண்டாம். துணை ஆப்ரிகாட்டாக இருக்க வேண்டும், அதே வாரத்தில் பூக்கவும் வேண்டும். இரண்டாவது மரத்துக்கு இடமில்லாதவர்கள் வேறொரு வகையின் குச்சியை ஒரு கிளையில் ஒட்டுக்கட்டிவிடலாம்.

தேனீயைப் பொறுத்தவரை, 12 டிகிரிக்குக் கீழே அவை கூட்டைவிட்டுப் பெரிதாகக் கிளம்புவதில்லை. ஆப்ரிகாட் பூக்கும் காலமோ பெரும்பாலான பழமரங்களுக்கும் முந்தியது. வாரம் முழுவதும் மப்பும் மந்தாரமுமாக இருந்தால், மதிய நேரத்தில் மெல்லிய ஓவியத் தூரிகையை எடுத்துக்கொண்டு பூவுக்குப் பூ நீங்களே போக வேண்டியதுதான். இரண்டு வகை இருந்தால் இரண்டுக்கும் மாறி மாறித் தொடுங்கள்.

பூவே வரவில்லை, இலை மட்டும் வந்தது

முதலில் வயது. ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டுகளில் பூக்கும். கொட்டை போட்டு முளைத்தது இன்னும் ஓரிரு ஆண்டு கூடுதலாகக் கேட்கும். வயது வந்தும் பூக்கவில்லை என்றால், மொட்டு உருவாகவே இல்லையா, உருவாகிச் செத்ததா என்று பிரித்துப் பாருங்கள். குளிர்காலத்தின் பின்பாதியில் ஒரு குச்சியை உற்றுப் பார்த்தால், கணுவில் கூர்மையான இலைமொட்டு நடுவில் இருக்க, அதன் இரு தோளிலும் உருண்டு திரண்ட பூமொட்டுகள் அமர்ந்திருக்கும். சில குச்சிகளை வெட்டி வீட்டுக்குள் தண்ணீரில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் பதில் தெரியும். பொறுமை இல்லாதவர்கள் மொட்டைக் குறுக்கே வெட்டலாம்: நடுவில் பழுப்புப் புள்ளி இருந்தால் செத்த மொட்டு. அது வசந்தத்தில் விரல் பட்டதும் பொலபொலவென்று உதிரும். நடுக்குளிரில் திடமாக உறங்கும்போது பெருங்குளிரைத் தாங்கிய அதே மொட்டு, ஒரு வார வெயிலில் இளகிய பிறகு அதில் பாதியைக்கூடத் தாங்காது. நோட்டில் தேதி எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

மொட்டே இல்லையென்றால் முந்தைய கோடைக்குப் போங்கள். அடுத்த ஆண்டுப் பூவுக்கான மொட்டு, இந்த ஆண்டுப் பழம் பறித்ததை ஒட்டிய வாரங்களில் உருவாகிறது. பழம் பறித்தாயிற்று, இனி மரத்துக்கு என்ன வேலை என்று தண்ணீரை நிறுத்துகிறவர்கள் அடுத்த ஆண்டுப் பூவை நிறுத்துகிறார்கள். நிழலும் தழைச்சத்து மிகுதியும் இதே விளைவைத் தரும். புல்வெளிக்கு இடும் உரம் மரத்தின் வேருக்கும் போய்ச்சேர்ந்து, ஆளுயரத் தளிர்களாக எழும்பி நிற்கும். அந்தத் தளிர்கள் குளிருக்குள் முற்றாமல் நுனி கருகும் என்பது தனிக் கதை. கோடையின் நடுப்பகுதிக்குப் பிறகு தழைச்சத்து தரவே வேண்டாம்.

இன்னொரு காரணம் கத்தரி. ஆப்ரிகாட் ஓராண்டுக் குச்சியிலும் காய்க்கும் குறுங்கிளையிலும் பூக்கும். குறுங்கிளையின் ஆயுள் சில ஆண்டுகள்தான். எல்லாப் புதுக்குச்சியையும் சீவித் தள்ளினாலும் பூ போகும். ஒன்றையுமே வெட்டாமல் விட்டாலும் குறுங்கிளைகள் கிழடாகி உட்புறம் மொட்டையாகும்.

பூக்கள் பழுப்பாகி, உதிராமல் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன

பனியில் செத்த பூ சில நாளில் உதிர்ந்துவிடும். வாடிய பூ உதிராமல் தொங்கி, காம்படியில் ஒரு துளிப் பிசின் கசிந்து, குச்சியும் நுனியிலிருந்து காய்ந்து இறங்கினால் அது மொனிலியா என்ற பூஞ்சை. பழத்தில் பழுப்பழுகலாக வருவதும் இந்தக் குடும்பம்தான். பூக்கும்போது மழையும் ஈரமும் இருந்த ஆண்டுகளில் விருந்தே வைத்துவிடும். காய்ந்த இடத்துக்குக் கீழே ஒரு சாண் நல்ல பகுதியையும் சேர்த்து, மழையில்லாத நாளில் வெட்டி அகற்றுங்கள். சென்ற ஆண்டு அழுகிச் சுருங்கி மரத்திலேயே தொங்கும் பழங்களையும், கீழே கிடப்பவற்றையும் ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். பூஞ்சை குளிர்காலத்தைக் கழிக்கும் வீடு அவைதான். பொறுக்குகிற வேலையைச் செய்யாமல் மருந்து அடிப்பவர் ஆண்டுதோறும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அடிப்பதென்றால் ஓர் எச்சரிக்கை. மற்றப் பழமரங்களுக்குத் தாராளமாகப் பயன்படும் கந்தகம் ஆப்ரிகாட்டுக்கு ஆகாது. இலை கருகிக் கொட்டிவிடும். பொதுவான பழமர மருந்து என்று விற்கப்படும் கலவைகளில் கந்தகம் இருக்கிறதா என்று புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பச்சையாக நின்ற கிளை கோடையில் திடீரென்று வாடி, இலை காய்ந்து தொங்குகிறது

வாடிய கிளையை வெட்டி, குறுக்குவெட்டைப் பாருங்கள். கேக் துண்டு போல ஆப்பு வடிவத்தில் ஒரு பக்கம் மட்டும் பழுப்பேறியிருந்தால் யூட்டிப்பா என்ற பூஞ்சை; வெட்டுக்காயம் வழியாக எப்போதோ நுழைந்தது. வெளிவட்டக் கட்டையில் கரும்புள்ளிகளோ வளையமோ தெரிந்தால் வெர்ட்டிசிலியம் வாடல்; தக்காளி, உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெர்ரி போட்டிருந்த மண்ணில் ஆப்ரிகாட்டை நட்டவர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள். பட்டையைச் சீவியதும் புளித்த வாடை அடித்து, உள்ளே செம்பழுப்புத் தீற்றல்கள் இருந்தால் பாக்டீரியாச் சொறி.

இந்த மூன்றில் முதலாவதை நானே வரவழைத்திருக்கிறேன். ஆப்பிளுக்குச் செய்வதுபோல இதற்கும் குளிர்காலத்தில் இலையுதிர்ந்த பிறகு கவாத்து செய்தேன். மரத்தின் எலும்புக்கூடு தெளிவாகத் தெரியும், வேலை சுலபம் என்பது என் கணக்கு. வெட்டிய நான்காம் நாள் மழை. மூன்றாவது கோடையில், தொடை பருமனுள்ள முதன்மைக் கிளை பழத்தோடு சேர்ந்து இரண்டு வாரத்தில் காய்ந்தது. ஆப்ரிகாட்டுக்குக் கவாத்து, பழம் பறித்த பிறகு, கோடையின் வறண்ட நாட்களில்தான். அடுத்த மழைக்காலத்துக்குக் குறைந்தது ஆறு வாரமாவது இடைவெளி இருக்க வேண்டும். பூஞ்சையின் வித்துகள் மழைத்துளியோடு பரவுபவை, ஆறாத வெட்டுவாய் அவற்றுக்குத் திறந்த வாசல். நோயுற்ற கிளையை நிறமாற்றம் முடியும் இடத்துக்கு ஓரடி கீழே, சுத்தமான வெள்ளைக் கட்டை தெரியும் இடத்தில் வெட்ட வேண்டும்.

கிளையல்ல, முழு மரமே வாடினால் மண்வெட்டியை எடுங்கள். ஆப்ரிகாட் வேர் தேங்கிய தண்ணீரில் நிற்காது. அருகில் ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒருமுறை நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடியும் நிரப்பிப் பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அந்த இடம் சரியில்லை. அடுத்த கன்றை மேடு கட்டி நடுங்கள். நோயே இல்லாத மரம் காற்றில் ஒட்டுப் போட்ட இடத்தில் மழமழவென்று ஒரே சீராக உடைந்து விழுந்தால், வேர்ச்செடியும் (ஒட்டுக்குக் கீழே வேராக நிற்கும் செடி) அதன்மேல் ஒட்டிய மேல்மரமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். சில ஜோடிகள் பல ஆண்டு குடித்தனம் நடத்திவிட்டுத்தான் பிரிகின்றன. உங்கள் பேரில் தவறில்லை.

பட்டையில் பிசின் கசிகிறது

பிசினைப் பார்த்ததும் பதறிப் பெயின்ட்டும் தாரும் பூசுகிறார்கள். காயம் எதுவானாலும் இந்த மரம் பிசின் விடும். ஏணி உரசினாலும் விடும். எங்கே, எதோடு கலந்து கசிகிறது என்பதைப் பாருங்கள். தேன் போலத் தெளிந்து, ஓரிடத்தில் மட்டும் இருந்தால் சும்மா விடுங்கள். தரையை ஒட்டிய அடித்தண்டில், மரத்தூளும் எச்சமும் கலந்து சேறு போல வழிந்தால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கிறது. மண்ணை விலக்கி, பிசினைச் சுரண்டி, துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுக் குத்துங்கள். அருவருப்பான வேலைதான், ஆனால் இளமரத்துக்கு ஒரே ஒரு புழு போதும்.

கிளை பிரியும் கவட்டில், பட்டை நீள்வட்டமாக உள்வாங்கி, ஓரங்களில் கறுத்த பிசின் கட்டிக் கிடந்தால் சொறிப்புண். குளிரில் அடிபட்ட பட்டை வழியாக நுழையும் பூஞ்சை இது. ஆண்டுக்குக் கொஞ்சமாகச் சுற்றி வளைக்கும். வறண்ட கோடை நாளில், செத்த பட்டையை நல்ல பச்சை விளிம்பு தெரியும்வரை கத்தியால் செதுக்கி எடுத்துவிட்டுத் திறந்தே விடுங்கள். பூச்சு வேண்டாம், ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை வெடித்து உரிகிறது

வடகோளத்தில் என்றால் அது தென்மேற்குப் பக்கமாக இருக்கும், பந்தயமே கட்டலாம். குளிர்காலப் பிற்பகல் வெயில் தாழ்வாகச் சாய்ந்து அந்தப் பக்கத்துப் பட்டையைச் சூடேற்றுகிறது; தரையில் பனி இருந்தால் அதுவும் கண்ணாடி போலப் பிரதிபலிக்கிறது. பட்டைக்கு உள்ளே இருக்கும் உயிர்த்திசு வசந்தம் என்று நினைத்து விழிக்கிறது. சூரியன் மறைந்ததும் வெப்பம் மடமடவென்று இறங்கி, விழித்தது உறைகிறது. வெடிப்பு கண்ணில் படுவது மாதக்கணக்கில் கழித்து.

மருந்து மலிவானது. சுவருக்கு அடிக்கும், தண்ணீரில் கரையும் வகை வெள்ளைப் பெயின்ட்டைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, இலையுதிர் காலத்தில் தண்டுக்கும் முதன்மைக் கிளைகளின் கீழ்ப்பகுதிக்கும் பூசிவிடுங்கள். எண்ணெய் கலந்த பெயின்ட் கூடாது. பூசிய கையோடு, தண்டைச் சுற்றிச் சிறுகண் கம்பிவலையையும் இரண்டு அங்குலம் மண்ணுக்குள் புதைத்துக் கட்டிவிடுங்கள். பனிக்கு அடியில் சுரங்கம் போடும் எலிகள் பட்டையைச் சுற்றிலும் கடித்து வைத்தால் மேல்மரம் பட்டினியில் சாகும். மூடாக்கைத் தண்டோடு சேர்த்துக் குவிப்பது எலிக்கு மெத்தை விரிப்பது போல.

இலையில் துளைகள், மஞ்சள்

ஊதா விளிம்போடு சிறு புள்ளிகள் தோன்றி, நடுப்பகுதி உதிர்ந்து, சல்லடைபோல ஆகியிருந்தால் துளைநோய்ப் பூஞ்சை. பழத்தின் தோலிலும் சொரசொரப்பான பொருக்குகள் இருக்கும். இலையுதிர்ந்த பிறகு ஒரு தடவை போர்டோ கலவை போன்ற தாமிர மருந்து அடிப்பது உதவும். இலை வந்த பிறகு தாமிரம் அடித்தால் அதுவே துளை போடும், பிறகு எது நோய் எது மருந்து என்று நீங்களே குழம்புவீர்கள். இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து கிடைக்காத குறை. அடியிலைகளிலிருந்து சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. அதிகமாகத் தண்ணீர் விட்டாலும் இலை மஞ்சளாகும் என்பதையும் மறக்காமல், உரம் வாங்கப் போவதற்கு முன் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள்.

பிஞ்சு உதிர்கிறது

பூ உதிர்ந்த சில வாரங்களில் பட்டாணி அளவுப் பிஞ்சுகள் கொட்டுவது மரத்தின் சொந்தக் கணக்கு. சூல் கொள்ளாதவற்றைக் கழிக்கிறது. உதிர்ந்ததைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோலில் நகக்குறிபோலப் பிறை வடிவத் தழும்பு இருந்தால், வட அமெரிக்கத் தோட்டங்களின் தீராத் தலைவலியான பிளம் கூன்வண்டு. பெண்வண்டு பிறைபோலக் கீறி அதனடியில் முட்டையிடுகிறது. விடியற்காலையின் குளிரில் இவை விறைத்துப்போய் இருக்கும். மரத்தடியில் வெள்ளை விரிப்பை விரித்து, துணி சுற்றிய தடியால் கிளையை ஒரே வெட்டாகத் தட்டினால், காய்ந்த மொட்டுகள் போலச் சில துணுக்குகள் விழும். கையில் எடுத்துவிட வேண்டாம், அசையாமல் செத்ததுபோலக் கிடக்கும். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள், கால் முளைத்து நடக்கத் தொடங்கும். சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பூ உதிர்ந்ததிலிருந்து மூன்று நான்கு வாரம் தினமும் செய்ய வேண்டும். உதிர்ந்த பிஞ்சுகளையும் அன்றாடம் பொறுக்கி அழிக்க வேண்டும், புழு அதற்குள்தான் வளர்கிறது.

பழம் வந்தது, ஆனால் சரியில்லை

பழம் கோலிக்குண்டு அளவிலேயே நின்றுவிட்டால், கலைக்கவில்லை என்று பொருள். உறைபனிக்கு அவ்வளவு பயந்தவர்களுக்குத் தப்பிய பிஞ்சைக் கிள்ளி எறிய மனம் வராது. ஆனாலும் கொட்டை கெட்டியாகும் முன்பே, பழத்துக்குப் பழம் இரண்டு மூன்று அங்குல இடைவெளி இருக்கும்படி கலைத்துவிடுங்கள். சுமை தாங்காமல் கிளை முறிவதும், அடுத்த ஆண்டு மரம் ஓய்வெடுத்துவிடுவதும் தவிரும். பழுக்கும் நேரத்தில் மழை கொட்டினால் தோல் வெடிக்கும். வறட்சிக்குப் பிறகு ஒரேயடியாகத் தண்ணீர் பாய்ச்சினாலும் வெடிக்கும். வெளியே நன்றாக இருந்து, கொட்டையை ஒட்டிய சதை மட்டும் பழுப்பாகக் குழைந்திருந்தால், 40 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் பழுத்தது; ஆப்ரிகாட் உள்ளிருந்து பழுக்கும் பழம். அப்படிப்பட்ட வாரங்களில் சற்று முன்னதாகவே பறித்துவிடுங்கள்.

பழத்தின் தோலில் வெளிறிய வளையங்களும், கழுவிய கொட்டையின்மேல் வெள்ளை வளையங்களும் ஒருசேரத் தெரிந்தால் சார்க்கா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். மருந்து இல்லை, அசுவினி பரப்பும். குச்சி எதையும் யாருக்கும் கொடுக்காமல், பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

முன்பு தித்தித்த மரம், இப்போது சின்னதாகப் புளிப்பாகக் காய்க்கிறது

இது நோயே இல்லை, ஆள்மாறாட்டம். கடுங்குளிரில் ஒட்டுக்கு மேலே உள்ளது செத்து, கீழே இருந்த வேர்ச்செடி துளிர்த்து, அதுவே மரமாகிவிட்டது. தண்டின் அடியில் ஒட்டுப்போட்ட முடிச்சைத் தேடுங்கள். இப்போது நிற்கும் தண்டு முடிச்சுக்குக் கீழிருந்து கிளம்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். இலையும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்: ஆப்ரிகாட் இலை அகன்று, கிட்டத்தட்ட இதய வடிவில் இருக்கும், பிளம் வேர்ச்செடியின் இலை ஒடுங்கியது. வேர்ச்செடி மஞ்சூரியன் ஆப்ரிகாட்டாக இருந்தால் இலையை வைத்துச் சொல்வது கடினம், பழத்தையும் முடிச்சையும்தான் நம்ப வேண்டும். அதன் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு கசக்கும். கசப்புப் பருப்பு வயிற்றுக்குள் போய் சயனைடாக மாறும், குழந்தைகள் உடைத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல்மரம் இன்னும் உயிரோடு இருந்து, பக்கத்தில் துளிர்கள் மட்டும் கிளம்பியிருந்தால், அவற்றைக் கத்தரியால் வெட்டாமல், மண்ணை விலக்கி அடியோடு பிய்த்து எடுங்கள். வெட்டினால் ஒன்றுக்கு மூன்றாக வரும். மேல்மரம் போய்விட்டதென்றால் பிடுங்கி எறிய அவசரப்பட வேண்டாம். பனியில் சாகாமல் நின்ற, வேரூன்றிய மரம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. விரும்பிய வகையின் ஓராண்டுக் குச்சிகளைக் குளிர்காலத்தின் பின்பாதியில், மொட்டு வீங்குவதற்கு முன்பே வெட்டி, ஈரத்துணியில் சுற்றிப் பையிலிட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். அதே பெட்டியில் ஆப்பிள் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள், அது விடும் வாயு மொட்டைக் கொன்றுவிடும். வசந்தத்தில் வேர்ச்செடியின் மொட்டு விரியத் தொடங்கி, பகல் வெப்பம் 15 டிகிரிக்கு மேல் சில நாள் நிலைத்ததும் ஒட்டுக்கட்டுங்கள். ஆப்ரிகாட் ஒட்டு ஆப்பிளைப் போலக் குளிரில் பிடிக்காது. மூன்று குச்சி கட்டினால் ஒன்று பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு, ஐந்தாகக் கட்டிவிடுங்கள்.